கைவரைவுத் திசையனாக்கம்

கைவரைவுத் திசையனாக்கம் என்பது கையால் தடையின்றி வரையப்பட்ட கோட்டுப் படம் ஒன்றைக் கணினி தானாகவே திசையன் வரைகலையாக மாற்றும் செயல்முறை ஆகும். வரைபலகையில் மின்பேனாவால் வரைந்த கிறுக்கல், தாளில் வரைந்து வருடப்பட்ட ஓவியம், தரையில் இட்டு ஒளிப்படம் எடுக்கப்பட்ட கோலம் ஆகியவை இதற்கு உள்ளீடுகளாக அமையலாம். வெளியீடாகக் கிடைப்பது நேர்கோடுகள், வளைகோடுகள் ஆகியவற்றின் கணித விவரிப்பாகும். அச்சுத்தொழில், எழுத்துரு உருவாக்கம், நில அளவை, பொறியியல் வரைதல், அசைவூட்டம், மரச்செதுக்கு முதலிய துறைகளில் இது பயன்படுகின்றது.

தமிழ்நாட்டில் இச்செயல்முறைக்கு மிகவும் பொருத்தமான எடுத்துக்காட்டாகக் கம்பிக்கோலம் விளங்குகின்றது. சிதம்பரம், கடலூர் முதலிய ஊர்களில் நாள்தோறும் வாசலில் இடப்பட்டு அன்றே அழியும் இக்கோலங்களைப் பதிவு செய்வதில், படத்தின் தோற்றத்தைக் காப்பது வேறு, அதன் அமைப்பைக் காப்பது வேறு என்பது தெளிவாகப் புலப்படும்.

படவணு வரைகலையும் திசையன் வரைகலையும்

கணினியில் படங்கள் இரு வகையாகச் சேமிக்கப்படுகின்றன. படவணு வரைகலையில் படம் சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் தனித்தனியே குறிக்கப்படுகின்றது. இக்கட்டம் படவணு எனப்படும். பிக்சல் எனவும் வழங்குவர். திசையன் வரைகலையில் கோடு எங்கே தொடங்கி, எவ்வாறு வளைந்து, எங்கே முடிகின்றது என்பது ஆயத்தொலைவுகளால் குறிக்கப்படுகின்றது. இது வெக்டர் வரைகலை எனவும் அழைக்கப்படும்.

பக்கத்துக்கு 1200 படவணுக்கள் கொண்ட ஒரு சதுரப் படத்தில் 14,40,000 படவணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டுகள் எனக் கொண்டால், சுருக்கப்படாத நிலையில் அது 43,20,000 பைட்டுகள் இடத்தை எடுத்துக்கொள்ளும். அதே படத்தில் இருப்பது ஒரு வட்டம் மட்டுமே எனில், அதன் மையம், ஆரம், கோட்டுத் தடிமன், நிறம் ஆகியவற்றைக் குறித்தாலே போதுமானது. படவணுப் படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் படிக்கட்டு போலத் தோன்றும். திசையன் படம் எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குன்றாது. சாலையோரப் பதாகைக்கும் திருமண அழைப்பிதழுக்கும் ஒரே கோப்பைப் பயன்படுத்த இயல்வது இதனாலேயே.

உள்ளீட்டின் வகைகள்

திசையனாக்கத்துக்கு வரும் உள்ளீடு இரு வகைப்படும்.

1. பேனாத் தடம்: வரைபலகை அல்லது தொடுதிரையில் வரையும்போது, பேனாவின் இருப்பிடம் ஒரு நொடிக்குப் பல முறை பதிவாகின்றது. நேரம், அழுத்தம் ஆகியவையும் உடன் கிடைக்கும். எந்தக் கோடு முதலில் வரையப்பட்டது, கை எத்திசையில் சென்றது, எங்கே தயங்கியது என்பன அனைத்தும் தெரியும்.

2. நிலைப் படம்: வருடி அல்லது ஒளிப்படக் கருவி வழியாகப் பெறப்படும் படத்தில் கோடுகளின் நிறம் மட்டுமே உள்ளது. வரிசையும் நேரமும் இழக்கப்பட்டுவிடுகின்றன. கணினி அவற்றை ஊகிக்க வேண்டியுள்ளது.

முதல் வகையில் கோடு ஏற்கனவே புள்ளிகளின் வரிசையாக இருப்பதால், அதனைச் சீராக்கிச் சுருக்குவதே பணியாகும். இரண்டாம் வகையில் கோடு எது என்பதைக் கண்டுபிடிப்பதே பெரும் பணியாகின்றது.

வரலாறு

1961 ஆம் ஆண்டில் எர்பர்ட் ஃபிரீமன், ஒரு கோட்டை அடுத்தடுத்த படவணுக்களுக்கு இடையிலான எட்டுத் திசைகளின் வரிசையாகக் குறிக்கும் சங்கிலிக் குறிமுறையை வெளியிட்டார். 1963 இல் ஐவன் சதர்லாந்து மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த கோடுகளை வடிவியல் உருக்களாக ஏற்றுக்கொண்டது. கோடுகளை இணையாகவோ செங்குத்தாகவோ அமைக்குமாறு அதற்குக் கட்டளையிட முடிந்தது.

இதே காலப்பகுதியில் பிரான்சின் தானுந்து நிறுவனங்களில் வளைகோட்டுக் கணிதம் வளர்ந்தது. சிட்ரோயன் நிறுவனத்தில் போல் தெ காசுத்தெல்சோவும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியேயும் தனித்தனியே உருவாக்கிய வளைகோடுகள் இன்று பெசியே வளைகோடுகள் எனப்படுகின்றன. இன்றைய திசையன் மென்பொருட்கள் பெரும்பாலும் இவற்றையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

1972 இல் ஊர்சு ராமரும், 1973 இல் டேவிட் டக்ளசு, தாமசு போய்க்கர் ஆகியோரும் புள்ளிகளைக் குறைக்கும் முறையை வெளியிட்டனர். 1984 இல் சாங், சூயென் ஆகியோர் வெளியிட்ட மெலிவிப்பு முறை பரவலாகப் பயன்பட்டது. 1990 இல் பிலிப் சினைடர், கையால் வரைந்த புள்ளிகளுக்குப் பெசியே வளைகோடுகளைத் தானாகப் பொருத்தும் முறையொன்றை வெளியிட்டார். 2001 ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் எஸ்விஜி என்னும் திறந்த திசையன் வடிவத்தைப் பரிந்துரையாக வெளியிட்டது. அதன் பின்னர் திசையன் படங்கள் வலைத்தளங்களிலும் பரவலாயின.

செயல்முறை

நிலைப் படம் ஒன்றைத் திசையனாக்கும் பணி பொதுவாகப் பின்வரும் படிகளைக் கொண்டது.

கருவெளுப்பாக்கம்

முதலில் எது கோடு, எது பின்புலம் என்பது முடிவு செய்யப்படுகின்றது. குறிப்பிட்ட ஒளிர்வெல்லைக்கு மேற்பட்ட படவணுக்கள் ஒரு வகையாகவும், கீழ்ப்பட்டவை மற்றொரு வகையாகவும் பிரிக்கப்படுகின்றன. 1979 இல் நொபுயுக்கி ஓட்சு வெளியிட்ட முறை இவ்வெல்லையைப் படத்தின் ஒளிர்வுப் பரவலிலிருந்தே கணிக்கின்றது. படத்தின் ஒரு பகுதியில் நிழல் விழுந்திருந்தால் முழுப் படத்துக்கும் ஒரே எல்லை பொருந்தாது. அவ்வேளையில் பகுதிதோறும் தனித்தனி எல்லை கணிக்கப்படுகின்றது.

மெலிவித்தல்

கையால் வரைந்த கோட்டுக்குத் தடிமன் உண்டு. அதன் இரு விளிம்புகளிலிருந்தும் படவணுக்களை அடுக்கடுக்காக நீக்கி, ஒரு படவணு அகலமுள்ள நடுக்கோட்டைப் பெறுவது மெலிவித்தல் ஆகும். ஒரு படவணுவை நீக்கினால் கோடு அறுபடுமா என்பது, அதனைச் சுற்றியுள்ள எட்டுப் படவணுக்களை நோக்கி முடிவு செய்யப்படும். எஞ்சும் கோடு எலும்புக்கூடு எனப்படும்.

விளிம்பு சொரசொரப்பாக இருந்தால் எலும்புக்கூட்டில் முட்கள் போன்ற சிறு கிளைகள் தோன்றும். கோட்டின் தடிமனை விடக் குறைந்த நீளமுள்ள இத்தகைய கிளைகள் பின்னர் கத்தரிக்கப்படுகின்றன.

சந்திப்புகளைப் பகுத்தல்

எலும்புக்கூட்டில் ஒரே ஓர் அண்டைப் படவணுவைக் கொண்ட இடம் முனை ஆகும். மூன்று அல்லது நான்கு கிளைகள் கூடும் இடம் சந்திப்பு ஆகும். இச்செயல்முறையில் மிகவும் கடினமான பகுதி சந்திப்புகளைப் புரிந்துகொள்வதே. இரண்டு தடித்த கோடுகள் ஒன்றையொன்று வெட்டும்போது, மெலிவித்தலுக்குப் பின் நான்கு கிளைகள் ஒரே புள்ளியில் கூடுவதில்லை. மாறாக, மூன்று கிளைகள் கொண்ட இரண்டு சந்திப்புகளாகப் பிரிந்து, அவற்றுக்கிடையே ஒரு சிறு துண்டு தோன்றுகின்றது. கோடுகள் சாய்வாக வெட்டிக்கொண்டால் இத்துண்டு மேலும் நீளும்.

இதனைத் திருத்த, கோட்டுத் தடிமனுக்குள் அமையும் இரு சந்திப்புகள் ஒன்றாக இணைக்கப்படுகின்றன. பின்னர் எந்தக் கிளை எந்தக் கிளையின் தொடர்ச்சி என்பது, திசை மாற்றம் மிகக் குறைவாக உள்ள இணையைத் தேர்ந்து முடிவு செய்யப்படுகின்றது.

புள்ளிகளைக் குறைத்தல்

பெறப்பட்ட கோட்டில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருக்கும். ராமர்-டக்ளசு-போய்க்கர் முறை பின்வருமாறு அமையும். கோட்டின் இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்க வேண்டும். இடைப்பட்ட புள்ளிகளுள் அந்நேர்கோட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ளது எது எனக் காண வேண்டும். அத்தொலைவு அனுமதிக்கப்பட்ட அளவினும் குறைவாயின் இடைப்பட்ட புள்ளிகள் அனைத்தையும் விட்டுவிடலாம். மிகுதியாயின் அப்புள்ளியை வைத்துக்கொண்டு, அதன் இருபுறமும் இதே செயலை மீண்டும் செய்ய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நடுங்கும் கையால் ‘ட’ எழுத்தைப் போல ஒரு செங்கோணக் கோடு வரையப்பட்டதாகக் கொள்வோம். அதன் ஒன்பது புள்ளிகள்:

(0, 0), (1, 0.2), (2, -0.1), (3, 0.1), (4, 0), (4.1, 1), (3.9, 2), (4, 3), (4, 4)

அனுமதிக்கப்பட்ட அளவு 0.3 ஆகட்டும். முதற்புள்ளியையும் இறுதிப்புள்ளியையும் இணைக்கும் கோட்டிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது (4, 0) ஆகும். அதன் தொலைவு ஏறத்தாழ 2.83. எனவே அது வைக்கப்படுகின்றது. அதற்கு முன்னுள்ள பகுதியில் மிகப்பெரிய விலகல் 0.2, பின்னுள்ள பகுதியில் 0.1. இரண்டும் 0.3 ஐ விடக் குறைவு. ஆகவே (0, 0), (4, 0), (4, 4) ஆகிய மூன்று புள்ளிகளே எஞ்சுகின்றன. கையின் நடுக்கம் நீங்கி, மூலை மட்டும் காக்கப்பட்டுள்ளது.

அளவை 3 என மாற்றினால் மூலையும் நீங்கி ஒரு சாய்கோடு மட்டுமே மிஞ்சும். எது நடுக்கம், எது வடிவம் என்பதைக் கணினி தானாக அறிவதில்லை. அளவைத் தெரிவு செய்பவரே அதனை முடிவு செய்கின்றார்.

வளைவு பொருத்துதல்

மூலைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளுக்குப் பெசியே வளைகோடுகள் பொருத்தப்படுகின்றன. மூன்றாம் படிப் பெசியே வளைகோடு ஒன்றுக்கு நான்கு புள்ளிகள் உண்டு. இரண்டு முனைகளிலும், இரண்டு இடையிலும் அமையும். இடைப்புள்ளிகள் வளைகோட்டைத் தம்பால் இழுப்பன போலச் செயற்படும். வளைகோட்டுக்கும் மூலப் புள்ளிகளுக்கும் இடையேயான பிழை குறையும் வரை இடைப்புள்ளிகள் நகர்த்தப்படுகின்றன. போதிய அளவு குறையவில்லை எனில் பகுதி இரண்டாகப் பிரிக்கப்படும்.

பெசியே வளைகோட்டால் முழுமையான வட்டத்தை வரைய இயலாது. ஆயினும் நான்கு வளைகோடுகளால் அமைத்த வட்டத்தின் பிழை ஆரத்தில் 0.03 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதால் கண்ணுக்குப் புலப்படாது.

விளிம்புக் கோடும் நடுக்கோடும்

திசையனாக்க மென்பொருட்கள் இரு வேறு விளைவுகளைத் தரவல்லன. விளிம்புத் திசையனாக்கத்தில் கோடு ஒரு நிறம் நிரப்பிய பரப்பாகக் கொள்ளப்பட்டு அதன் வெளி விளிம்பு வரையப்படுகின்றது. நடுக்கோட்டுத் திசையனாக்கத்தில் கோடு கோடாகவே கொள்ளப்படுகின்றது.

திரையில் பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாடு இயந்திரத்தில் தெரியும். ஒட்டுக்கோலங்களை வெட்டும் இயந்திரத்துக்கு விளிம்புக் கோடு தேவை. ஏனெனில் கத்தி பட்டையின் இருபுறமும் செல்ல வேண்டும். கதவுப் பலகையில் கோலத்தைச் செதுக்கும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரத்துக்கோ நடுக்கோடு தேவை. விளிம்புக் கோட்டைக் கொடுத்தால் ஒரு கோட்டுக்கு மாறாக இரு பள்ளங்கள் விழும். பூத்தையல் இயந்திரத்துக்கும் இது பொருந்தும்.

கம்பிக்கோலம்

பின்னணி

புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றிக் கோடு வளைந்து செல்லுமாறு இடப்படும் கோலம் கம்பிக்கோலம் ஆகும். சிக்குக்கோலம், நெளிக்கோலம், சுழிக்கோலம் எனவும் இது வழங்கப்படும். கடலூர் மாவட்டத்தில், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, மார்கழி மாதத்தில் கோலமிடுதல் சிறப்பிடம் பெறுகின்றது. சிதம்பரம் நடராசர் கோயிலில் ஆண்டுக்கு இருமுறை, ஆனித் திருமஞ்சனத்தை ஒட்டியும் மார்கழித் திருவாதிரையை ஒட்டியும், தேரோட்டம் நடைபெறுகின்றது. அந்நாட்களில் தேரோடும் வீதிகளில் கோலமிடுவது வழக்கம்.

கோலம் நிலைத்திருப்பதற்காக இடப்படுவதில்லை. அரிசி மாவு எறும்புக்கு உணவாகும். மீதி காலடியிலும் காற்றிலும் கலையும். கோலத்தின் அறிவு கைகளிலும், வீடுகளில் உள்ள கோல நோட்டுப் புத்தகங்களிலும் வாழ்கின்றது. கைபேசி ஒளிப்படங்கள் பெருகிய பின்னர் கோலங்களின் தோற்றம் பெருமளவில் சேமிக்கப்படுகின்றது. ஆனால் ஒளிப்படத்திலிருந்து ஒரு கோலத்தை மீண்டும் இட வேண்டுமாயின், கம்பி எங்கே செல்கின்றது என்பது தெரிய வேண்டும். சாய்வாக எடுத்த படத்திலும், பாதி கலைந்த கோலத்திலும் அது எளிதில் புலப்படாது. திசையனாக்கம் இங்குப் பயன்படுகின்றது.

அமைப்பு

நேர்ப்புள்ளி முறையில் சதுரமாகப் புள்ளி வைத்து இடப்படும் எளிய கம்பிக்கோலத்தில், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையில் இரண்டில் ஒன்றே நிகழ முடியும். ஒன்று, இரு கம்பிகள் அங்கே குறுக்காக வெட்டிக்கொள்ளும். அல்லது, வெட்டாமல் விலகி வளையும். எனவே அக்கோலத்தை விவரிக்க ஒவ்வோர் இடைவெளிக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒரு விடை போதும்.

5 வரிசையில் 5 புள்ளிகள் வைத்தால், கிடையாக 20, நெடுக்காக 20 என 40 இடைவெளிகள் உள்ளன. ஆகவே கோலத்தின் முழு அமைப்பையும் 40 பிட்டுகளில், அதாவது 5 பைட்டுகளில் எழுதிவிடலாம். இவ்வாறு அமையக்கூடிய விடைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1.1 இலட்சம் கோடி ஆகும். அவை அனைத்தும் அழகிய கோலங்களாக அமையா.

எல்லா இடைவெளிகளிலும் கம்பிகள் வெட்டிக்கொள்ளுமாறு இட்டால், செவ்வகக் கோலத்தில் உள்ள தனிக் கம்பிகளின் எண்ணிக்கை, வரிசைகளின் எண்ணிக்கைக்கும் நிரல்களின் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிக்குச் சமமாகும். 3 வரிசை, 4 நிரல் கொண்ட கோலம் ஒரே கம்பியால் முடியும். 4 வரிசை, 4 நிரல் கொண்டதற்கு 4 கம்பிகள் வேண்டும். சதுரக் கோலத்தை ஒரே கம்பியால் முடிக்க விரும்புவோர் சில இடங்களில் வெட்டாமல் விலக வேண்டியுள்ளது.

திசையனாக்கமும் சரிபார்த்தலும்

வாசற்கோலத்தின் ஒளிப்படம் சில தனிச் சிக்கல்களைக் கொண்டது. நின்றபடி எடுப்பதால் சதுரம் சரிவகமாகத் தோன்றும். நீர் தெளித்த தரையில் ஒளி பட்டுப் பளபளக்கும் இடங்கள் மாவைப் போலவே வெண்மையாகத் தெரியும். விரல்களுக்கிடையில் மாவு குறைந்த இடத்தில் கோடு அறுபட்டிருக்கும்.

இச்சிக்கல்களுக்குக் கோலத்தின் புள்ளிகளே துணை செய்கின்றன. கோட்டோடு ஒட்டாத சிறு வெண்திட்டுகளாக அவை எளிதில் பிரித்தறியப்படும். நான்கு மூலைப் புள்ளிகளின் இடம் தெரிந்தால், சரிவகத்தை மீண்டும் சதுரமாக்கும் உருமாற்றத்தைக் கணிக்கலாம். ஏனைய புள்ளிகள் அதன் சரியான தன்மையைச் சோதிக்க உதவும்.

மேலும், கம்பிக்கோலத்துக்கு ஓர் உள்ளார்ந்த இலக்கணம் உண்டு. கம்பி மூடியதாக இருக்கும். எனவே முனை இருத்தல் ஆகாது. கம்பிகள் இரண்டிரண்டாக வெட்டிக்கொள்ளும். எனவே சந்திப்பு ஒவ்வொன்றிலும் நான்கு கிளைகள் இருத்தல் வேண்டும். திசையனாக்கத்தின் முடிவில் கீழ்க்காணும் சோதனைகளைச் செய்யலாம்.

* ஒரு கிளை மட்டும் உள்ள இடம்: கோடு அறுபட்டுள்ளது. அருகில் உள்ள மற்றொரு முனையுடன் இணைக்க வேண்டும்.
* மூன்று கிளைகள் உள்ள இடம்: வெட்டும் இடம் இரண்டாகப் பிரிந்துள்ளது, அல்லது நான்காம் கிளை கலைந்துள்ளது.
* நான்கு கிளைகள் உள்ள இடம்: சரியானது. எதிரெதிர்க் கிளைகள் ஒரே கம்பியின் தொடர்ச்சியாகும்.

ஒரே ஒரு சந்திப்பைத் தவறாகப் புரிந்துகொண்டாலும் விளைவு பெரிது. வெட்டும் இடத்தை விலகும் இடமாகக் கொண்டால், ஒரே கம்பியாலான கோலம் இரு தனிக் கம்பிகளாகப் பிரிந்துவிடக்கூடும். படத்தில் மாற்றம் ஒரு விரற்கடை அளவே இருக்கும். ஆனால் அதைப் பார்த்து இடுபவர் தொடங்கிய இடத்துக்கு வந்து சேரும்போது பாதிக் கோலம் மிச்சமிருக்கும்.

விளக்கு, தாமரை போன்ற உருவங்களைச் சேர்த்த கோலங்களுக்கும், புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கும் கோலங்களுக்கும் மேற்கண்ட விதிகள் அப்படியே பொருந்துவதில்லை.

கோலமும் கணினியியலும்

கோலங்களைக் கணினி மொழியால் விவரிக்கும் முயற்சி தமிழ்நாட்டிலேயே முன்னெடுக்கப்பட்டது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி (1932–1988), ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974 இல் அணி இலக்கணங்களையும் கோலங்களையும் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். சொற்களை அடுக்கி வாக்கியம் அமைப்பதற்கு இலக்கணம் இருப்பது போல, வடிவங்களை அடுக்கிக் கோலம் அமைப்பதற்கும் இலக்கண விதிகளை எழுதலாம் என்பது இதன் அடிப்படை.

பின்னர் சிரோமணி, கோலமிடுவோரின் கையசைவுகளை ஆராய்ந்து கோல அசைவுகள் என்னும் கருத்தை முன்வைத்தார். நேராகச் செல்லல், திரும்பும் அளவால் வேறுபடும் வலத் திருப்பங்கள், அவ்வாறே இடத் திருப்பங்கள் ஆகியவற்றின் வரிசையாக ஒரு கம்பியை விவரிக்கலாம். இவ்வரிசையைக் கொண்டு கணினியால் கோலத்தை மீண்டும் வரைய முடியும். தாவர வளர்ச்சியை விவரிக்கப் பயன்படும் எல்-முறைமைகள் கொண்டும் கோலங்கள் ஆராயப்பட்டன. கணித வரலாற்றாளர் மார்சியா ஆச்சர் 2002 இல் எழுதிய கட்டுரை இவ்வாய்வுகளைப் பரந்த வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியது.

திசையனாக்கம் படத்திலிருந்து கோட்டுக்குச் செல்கின்றது. கோல இலக்கணம் விதியிலிருந்து படத்துக்குச் செல்கின்றது. இரண்டும் சந்திக்கும் இடத்தில், ஒளிப்படம் ஒன்றைப் பார்த்து அதன் விதியைக் கண்டறிய இயலும்.

நில அளவைப் புல வரைபடங்கள்

தமிழ்நாட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில அளவைத் துறையால் வரைபடம் பேணப்படுகின்றது. இது புல அளவைப் புத்தகத்தின் பகுதியாகும், எஃப்.எம்.பி. என்னும் ஆங்கிலச் சுருக்கப் பெயராலேயே மக்களிடையே அறியப்படுகின்றது. இதில் எல்லைக் கோடுகளுடன், அவற்றை அளந்த அடிக்கோடுகளும் குத்தளவுகளும் எண்களால் குறிக்கப்பட்டிருக்கும்.

இவ்வரைபடங்களைக் கணினியாக்கும்போது தானியங்கித் திசையனாக்கத்தின் எல்லை வெளிப்படுகின்றது. 1:2000 அளவுத்திட்டத்தில் வரையப்பட்ட படத்தில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள மைக்கோடு தரையில் 1 மீட்டர் அகலத்தைக் குறிக்கும். 60 மீட்டர் நீளமுள்ள ஒரு வரப்பை 1 மீட்டர் தள்ளி வரைந்தால் 60 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒன்றரை சென்ட் நிலம், அண்டை வயலுக்குச் சென்றுவிடும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களைப் போன்று சிறு வயல்கள் நிறைந்த பகுதிகளில் இது சிறு பிழை அன்று. தாள் ஈரத்தால் சுருங்கியோ மடிப்பில் கிழிந்தோ இருந்தால் பிழை மேலும் பெருகும்.

ஆகவே தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்னும் மென்பொருளில், படத்தில் எழுதப்பட்டுள்ள அளவுகள் உள்ளிடப்பட்டு, அவற்றிலிருந்து எல்லைகள் மீண்டும் கணிக்கப்பட்டு வரையப்படுகின்றன. இங்கு மூலம் கோடு அன்று, எண்ணே. கோலத்தில் கோட்டின் தொடர்ச்சி முதன்மையானது. புல வரைபடத்தில் கோட்டின் இடம் முதன்மையானது. எதைக் காக்க வேண்டும் என்பதைப் பொறுத்தே முறை தெரிவு செய்யப்படுகின்றது.

தமிழ்க் கையெழுத்து

பேனாத் தடத்தைக் கொண்டு தமிழ் எழுத்துகளை அடையாளம் காணும் ஆய்வுகள் திசையனாக்கத்துக்கு நெருங்கிய உறவுடையன. பெங்களூரில் இயங்கிய எச்.பி. ஆய்வகம், தனித்தனியாக எழுதப்பட்ட தமிழ் எழுத்துகளின் பேனாத் தடங்களைத் திரட்டி, 2006 இல் நடைபெற்ற தமிழ்க் கையெழுத்து அறிதல் போட்டிக்கு அளித்தது. 247 எழுத்துகளையும் தனித்தனியே கொள்ளாமல், துணை எழுத்துகளைப் பிரித்து 156 குறியீடுகளாக அவை வகைப்படுத்தப்பட்டன.

எழுத்துருக்களும் திசையன் வடிவங்களே. கையால் எழுதிய எழுத்துகளை வருடி, விளிம்புத் திசையனாக்கம் செய்து எழுத்துரு உருவாக்குவது பரவலான முறையாகும். தமிழ் எழுத்துகளில் சுழிகள் மிகுதி ஆதலால், புள்ளிக் குறைப்பின் அளவு பெரிதானால் ‘ன’, ‘ண’ ஆகியவற்றின் சுழிகள் மூடிக்கொள்ளும் இடருண்டு.

மென்பொருட்கள்

* போட்ரேசு: பீட்டர் செலிங்கர் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். 2001 இல் வெளியானது. கருப்பு வெள்ளைப் படங்களை விளிம்புத் திசையனாக்கம் செய்கின்றது.
* ஆட்டோட்ரேசு: விளிம்பு, நடுக்கோடு ஆகிய இரு முறைகளையும் கொண்ட கட்டற்ற மென்பொருள்.
* இங்க்ஸ்கேப்: 2003 இல் தொடங்கப்பட்ட கட்டற்ற திசையன் வரைகலை மென்பொருள். போட்ரேசை உள்ளடக்கியது. 2020 இல் வெளியான 1.0 பதிப்பில் நடுக்கோட்டுத் திசையனாக்கம் சேர்க்கப்பட்டது.
* அடோபி இல்லசுட்ரேட்டர்: 2005 இல் வெளியான பதிப்பில் தானியங்கித் திசையனாக்க வசதி சேர்க்கப்பட்டது; 2012 இல் அது மாற்றியமைக்கப்பட்டது.
* கோரல் டிரா: தமிழ்நாட்டின் அச்சகங்களிலும் பதாகைக் கடைகளிலும் பெரிதும் பயன்படுவது. இதிலும் திசையனாக்க வசதி உண்டு.

கட்டற்ற மென்பொருட்களைக் கட்டணமின்றிப் பெறலாம் என்பதால் மாணவர்கள் இங்க்ஸ்கேப்பைக் கொண்டு பயிலத் தொடங்கலாம்.

அண்மைய வளர்ச்சிகள்

2010களில் கோடுகளின் தொடர்பமைப்பைக் காப்பதில் ஆய்வாளர்கள் கவனம் செலுத்தினர். 2013 இல் நோரிசு குழுவினரும், 2016 இல் ஃபாவ்ரோ குழுவினரும் வெளியிட்ட முறைகள் சந்திப்புகளைச் சிறப்பாகக் கையாண்டன. ஃபாவ்ரோ குழுவினர், படத்துக்கு உண்மையாக இருத்தலையும் குறைந்த எண்ணிக்கையிலான வளைகோடுகளைப் பயன்படுத்தலையும் ஒருங்கே எடைபோட்டனர்.

2016 இல் சப்பானின் வசேதா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல முறை மேல்மேலாக வரைந்த கிறுக்கலை ஒற்றைத் தெளிந்த கோடாக்கும் நரம்பு வலையமைப்பை வெளியிட்டனர். 2017 இல் டேவிட் ஹா, டக்ளசு எக் ஆகியோர் வெளியிட்ட ஸ்கெட்ச்-ஆர்என்என், மக்கள் வரைந்த பேனாத் தடங்களைப் பயின்று தானே கோடுகளை வரைந்தது. இதற்குப் பயன்பட்ட ‘குயிக், டிரா!’ விளையாட்டின் தரவுத்தொகுதியில் 345 வகைகளில் 5 கோடி ஓவியங்கள் உள்ளன.

நரம்பு வலையமைப்புகள் தாம் பயின்ற படங்களை ஒட்டியே ஊகம் செய்கின்றன. கோலத்தின் அறுபட்ட இடத்தைப் பார்வைக்கு இசைவாக அவை நிரப்பக்கூடும். கம்பி மூடியதா என்பதற்கு அது உறுதியளிக்காது. ஆகவே மேலே கூறிய கிளைச் சோதனை அவற்றின் வெளியீட்டுக்கும் தேவைப்படுகின்றது.

குறைபாடுகள்

திசையனாக்கத்தில் சில இழப்புகள் தவிர்க்க இயலாதவை. கோட்டின் தடிமன் மாற்றம், மாவின் திப்பிகள், கையின் தயக்கம் ஆகியவை ‘பிழை’ எனக் கருதப்பட்டு நீக்கப்படுகின்றன. இழைக்கோலம், மாக்கோலம் ஆகியவற்றில் விரல்களினூடே வழியும் மாவுக்கரைசலின் தடிமன் வேறுபாடே அழகைத் தருவதாகும். நடுக்கோட்டுத் திசையனாக்கம் அதனை முற்றிலும் இழக்கச் செய்யும்.

வரைந்த வரிசையும் நிலைப் படத்திலிருந்து கிடைப்பதில்லை. மென்பொருள் தரும் பாதை ஒரு முனையில் தொடங்கித் தொடர்ச்சியாகச் செல்லும். கோலமிடுவோர் பலர் கோலத்தை ஒத்த பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றாக இட்டு இறுதியில் இணைப்பர். பாதை ஒன்றாயினும் இடும் முறை வேறு. இம்முறையைப் பதிவு செய்ய வேண்டுமாயின் பேனாத் தடம் அல்லது நிகழ்படம் தேவைப்படும். முடிந்த கோலத்தின் படம் போதாது.

இவற்றையும் பார்க்க

* திசையன் வரைகலை
* பெசியே வளைகோடு
* கோலம்
* கிஃப்ட் சிரோமணி
* எழுத்துரு
* ஒளியுணர் எழுத்தறிதல்
* நில அளவை
* கடலூர் மாவட்டம்
* சிதம்பரம்